ஒற்றை விரலில் ஒரு சுயசரிதை

மும்பையைச் சேர்ந்த மாலினி சிப்புக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். கைகால் சொன்னபடி கேட்காது, பேச்சு குழறும். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. இது பலருக்கு இன்னும் புரிவதில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளுபவரிடம்தான், "இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள்!

மாலினி ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தட்டியே லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றார். மோட்டார் சக்கர நாற்காலி வந்தபின் துணையின்றி வெளியே போய்வர முடிந்தது. மும்பை ஆக்ஸ்ஃபோர்டு புத்தகக் கடையில் நிகழ்ச்சி மேலாளராகச் சம்பளம் வாங்கினார். 2010இல் சுயசரிதையும் வெளிவந்தது.

மாலினியைப் போன்றவர்கள் வேலைக்குப் போகச் சட்டமும் வழிசெய்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசுப் பணியில் அவர்களுக்குக் குறைந்தது 4 சதவீத ஒதுக்கீடு. மூளை முடக்குவாதம் உள்ளவர்களும் அதில் அடக்கம். ஆனால் வேலை கிடைத்தாலும், பல ஊர்களில் பேருந்தின் உயரமான படிக்கட்டே அவர்களை வீட்டில் நிறுத்திவிடுகிறது.