குடிகளின் கையே குளத்தின் காப்பு

(துவாக்குடிப் பொழிவு)



பேட்டைவாய்த்தலையில் காவிரியினின்று பிரியும் உய்யக்கொண்டான் கால்வாய், திருச்சி நகரைக் கடந்து, துவாக்குடியை அடுத்த வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகின்றது. சோழர் காலத்துக் கால்வாய் அது. இன்றோ நகரின் கழிவுநீரையும் சுமந்து வருகின்றது. அதைத் தூய்மை செய்ய முன்வரும் தொண்டர் குழுவிற்கு அரசு பணம் நல்க வேண்டாவா? நல்கவே வேண்டும்! ஆனால், எம்முறையில்?

பண்டைத் தமிழகத்தில் ஏரியைப் பேணுதற்கென்றே 'ஏரிப்பட்டி' எனும் நிலம் விடப்பட்டது. அதன் விளைவு ஏரிக்கே உரியது. பேணும் பொறுப்போ ஊரார் அமைத்த ஏரி வாரியத்தின் கையில் இருந்தது. கல்வெட்டுகளே இதற்குச் சான்று.

2017-இல் தமிழக அரசு பழைய குடிமராமத்து முறையை மீட்டது. 'குடி' தமிழ், 'மராமத்து' அரபு வழி வந்த சொல். 'குடிப்பேணல்' எனலே தகும். செலவில் பத்தில் ஒன்பது பங்கு அரசினது. எஞ்சிய ஒரு பங்கு, பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ, உழவர் மன்றத்தினது என வகுக்கப்பட்டது. அந்த ஒரு பங்கே உயிர்ப்பங்கு! அஃது ஏட்டளவில் நின்று, வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போகுமாயின், கரை உயரும். ஊரார் பொறுப்பு உயராது.

அரசு நல்கும் பணம் குடிகள் செலுத்திய வரியே. அஃது இரந்து பெறும் பொருளன்று, உரிமைப் பொருள். எனவே கேட்டுப் பெறுங்கள்! அதன் கணக்கைத் தமிழில் எழுதி ஊர் நடுவே வையுங்கள்! மண்வெட்டியை நீங்களே கையில் எடுங்கள்! உய்யக்கொண்டானை உய்யக்கொள்வது தமிழர் கடன்!