அளக்கத் தெரிந்தவர்

(பொன்விழா மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் பங்கின் பெருமைகளைப் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்துவிட்டார்கள். நான் நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து தொடங்குகிறேன்.

நெல்லை வெயிலில் கொட்டிக் காலால் துழாவி, ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்க்கிறோம். நறுக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி மூட்டை பிடிக்கிறோம். கொள்முதல் நிலையத்துக் கருவியோ ஈரப்பதம் 20 என்று காட்டுகிறது. 17-க்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். மழை அடித்த ஆண்டில் அரசு தளர்த்தினால்தான் உண்டு. அப்போது நமக்குக் கோபம் யார் மேல் வருகிறது? கருவியின் மேல். நாற்பது வருடம் நெல் கடித்த பல் பொய் சொல்லுமா என்கிறோம். சொல்லும். கருவியும் சில வேளை பொய் சொல்லுமே சாமி என்று பின் வரிசையில் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. அதற்கும் வருகிறேன்.

நெல்லுக்காவது கருவி இருக்கிறது. நம்மை நாம் அளக்க நமக்கிருப்பது பல் மட்டும்தான். நான் நன்றாகப் பாடுகிறேன் என்று குருமட நாள் முதல் எண்ணியிருந்தேன். சென்ற பாஸ்காத் திருவிழாவன்று பாடகர் குழுப் பிள்ளைகள் செல்பேசியில் பதிவு செய்து எனக்கே போட்டுக் காட்டினார்கள். அதற்குப் பிறகு நான் தாழ்ந்த குரலில் பாடுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் டன்னிங், குரூகர் என்ற இரண்டு மனநூல் அறிஞர்கள் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் தேர்வு வைத்து, "நீ எந்த இடத்தில் நிற்பாய் என்று நினைக்கிறாய்?" என்றும் கேட்டார்கள். நூறு பேரைக் கீழிருந்து வரிசையாக நிறுத்தினால் 12-ஆம் இடத்தருகே நிற்க வேண்டியவர்கள், தாங்கள் 62-ஆம் இடத்தில் நிற்பதாக எண்ணினார்கள். மேலே நின்றவர்களோ தங்களைச் சற்றுக் குறைத்தே எண்ணினார்கள். காரணம் எளிது. ஒரு வேலையைச் சரியாகச் செய்ய எந்த அறிவு வேண்டுமோ, அதைச் சரியாகச் செய்தோமா என்று பார்க்கவும் அதே அறிவுதான் வேண்டும். அது இல்லாதவனுக்கு இல்லை என்பதும் தெரியாது.

நமக்குத் தூரமில்லாத கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர் சீனிவாச இராமானுஜன். 1904-ல் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணக்குக்குப் பரிசு வாங்கி, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. தேறவில்லை, உதவித்தொகையும் போயிற்று. வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எப்.ஏ. தேர்வில் 1906-லும் 1907-லும் தோற்றார். பின்வரிசைக்காரர்கள் சொன்னது சரிதான். கருவியும் பொய் சொல்லும். 1912-ல் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அதைத் தம் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்து, எழுதியவர் ஒரு மேதை என்று கண்டுகொண்டார். ஐந்து ஆண்டுகளில், 1918-ல், எப்.ஏ. தேறாத அந்தப் பிள்ளை இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினர்.

இதோடு கதையை நிறுத்திவிடுவது மேடைப் பேச்சாளர்களின் வழக்கம். ஆனால் அந்தக் கடிதத்தில் தவறும் இருந்தது. ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உண்டென்று துல்லியமாகச் சொல்லும் வழி தம்மிடம் இருப்பதாக இராமானுஜன் நம்பினார். அது சரியில்லை. அதற்கு வேண்டிய ஒரு கணிதப் பிரிவையே அவர் படித்திருக்கவில்லை. தமக்கு எது தெரியவில்லை என்று அவருக்கு யார் சொல்வது? ஹார்டிதான் தவற்றைக் கண்டார். கண்டதற்காக அவரைக் குறைத்து மதிக்கவும் இல்லை. பிற்காலத்தில் ஹார்டி கணித அறிஞர்களுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்டதாக ஏர்டிஷ் என்ற ஹங்கேரி நாட்டு அறிஞர் சொல்லியிருக்கிறார். இராமானுஜனுக்கு 100. ஜெர்மனியின் ஹில்பர்ட்டுக்கு 80. லிட்டில்வுட்டுக்கு 30. தமக்கு 25. நூறு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவருக்குத் தமக்கு 25 போட்டுக்கொள்ளக் கூச்சமில்லை.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் கிளைக் கிராமத்துப் பையன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தோற்று, மதிப்பெண் பட்டியலோடு அறைவீட்டுக்கு வந்தான். இரண்டு கேள்வி கேட்டேன். தலை குனிந்து நின்றான். "தம்பி, கணக்கு உனக்கு வராது. திருப்பூர்ப் பக்கம் போய்த் தொழில் கற்றுக்கொள்" என்றேன். குருமடத்தில் எனக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள், கணக்கு கற்பிக்கவில்லை. ஆனாலும் தீர்ப்புச் சொன்னேன். அங்கி போட்டவன் சொன்னால் அது தீர்ப்புத்தானே.

சென்ற தை அறுவடையில் அவனை வயலில் பார்த்தேன். ஊருக்கு வந்தவன் அறுவடை இயந்திரத்தோடு நின்றிருந்தான். மணிக்கு 2,400 ரூபாய் வாடகை. ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது. நிலத்துக்காரர் செல்பேசியைத் தட்டி முடிப்பதற்குள் "மூவாயிரத்து எண்ணூறு" என்றான். அடுத்த வயலுக்கும் அப்படியே. "நீ ஏன் மறுபடி பரீட்சை எழுதவில்லை?" என்று கேட்டேன். "எங்க சாமி, எனக்குத்தான் கணக்கு வராதே" என்றான்.

என்னைக் குத்திக் காட்டுவதற்காக அவன் சொல்லவில்லை. மெய்யாகவே நம்பிச் சொன்னான். நான் சொன்னது அவன் தன்னைப்பற்றித் தானே அறிந்த உண்மையாக மாறிவிட்டிருந்தது. அன்றிரவு ஆத்தும சோதனையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனைப்பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். அவன் கையில் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தவனைப்பற்றி ஒரு பிரசங்கமும் செய்ததில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் தகப்பனார் பதறிப்போனார். பிறகு நம் பங்கில் பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரிடம் அவனை அழைத்துப் போனேன். அவர் பழைய நோட்டைப் புரட்டிவிட்டு, "விடை மனத்தில் வந்துவிடுகிறது, வழியை எழுதமாட்டேன் என்கிறான். இயற்கணிதத்தில் அடியே இல்லை, அது நிஜக் குறை, ஆறு மாதம் ஆகும்" என்றார். புகழவுமில்லை, இகழவுமில்லை. அவன் இப்போது தனித்தேர்வராக எழுத விண்ணப்பித்திருக்கிறான். தேறுவானா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அதை அளக்கத் தெரியாது.

அந்த ஆசிரியர் இனிச் சனிக்கிழமை தோறும் மாலை ஆறரை மணிக்குப் பங்கு மன்றத்தில் உட்கார இசைந்திருக்கிறார். தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியல் வேண்டாம். கணக்குப் போட்ட நோட்டைக் கொடுத்தனுப்புங்கள்.