அபேட்சகரை அளக்கும் கோல்
(ஸ்ரீபெரும்பூதூரில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உள்ளாட்சித் தேர்தல் அணுகுந்தோறும் நம்மவர் வாயில் முதற்கண் எழும் வினா, "நிற்பவர் நம் வகுப்பாரா?" என்பதே. நெடுங்காலம் அவைகளில் இடம்பெறாதிருந்தார்க்கு அவ்வினா எழுதல் இயல்பு. ஆயின் அவ்வொன்றோடு விசாரணையை முடித்துக்கொள்ளுதல் தகாது என்பதே யாம் இன்று சொல்ல வந்தது.

தியாகராய நகர் எவர் பெயரால் வழங்குகின்றதோ அந்தச் சர். பிட்டி. தியாகராய செட்டியாரை நோக்குங்கள். 1852-இல் நெசவுத்தொழிற் குடும்பமொன்றிற் பிறந்தார். மாநிலக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். சென்னை நகரசபையில் சுமார் 40 ஆண்டுகள் அங்கம் வகித்தார். அவர் அச்சபையின் தலைவராயிருந்த காலத்தில், 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானம் நிறைவேறிற்று. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது விதி. பசியால் பள்ளிக்கு வாராதிருந்த ஏழைச் சிறுவர் பொருட்டே அது செய்யப்பட்டது. தம் குலத்தார் பொருட்டன்று. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் அது விரிந்தது.

எனினும் 1925-இல் அத்திட்டம் நின்றது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்ய அக்கால அரசாங்கம் இசையவில்லை. ஆதலின் நற்கொள்கை மட்டும் போதாது. அதற்குரிய பொருள் எங்கிருந்து வரும் என்பதும் தெளிவாயிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் அவ்வித்தே மதிய உணவாய்ப் பெருகியது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், முதலில் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளில் நடைபெற்று, 2023-இல் மாநிலமெங்கும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

இனி நம் ஊர்ப்புறத்தை நோக்குவோம். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் ஓங்கி நிற்கின்றன. பொழுது விடியுமுன் தாயும் தந்தையும் கம்பெனி பஸ் ஏறுகின்றனர். வடநாட்டிலிருந்து வந்தோர் ஓரறையிற் பலராய் ஒடுங்கி வாழ்கின்றனர். குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், குப்பை, தெருவிளக்கு ஆகிய இவற்றின் குறை சாதி பார்த்து வருவதில்லை. கொசுவும் குலம் கேட்டுக் கடிப்பதில்லை.

ஆகவே வாக்குக் கேட்டு வரும் அபேட்சகர் நம்மவராயினும் பிறராயினும், அவரிடம் மூன்று கேளுங்கள். இதுவரை பிறர்க்கு என் செய்தீர்? சபையிற் புகுந்தால் முதற்கண் எதைச் செய்வீர்? அதற்குப் பணம் எங்கிருந்து எடுப்பீர்? இம்மூன்றுக்கும் விடை கேட்குமுன், "எங்கள் வாக்கெல்லாம் இன்னார்க்கே" என்று நம் சங்கம் எவர்க்கும் உறுதி கூறலாகாது. இதனை இக்கூட்டத்திலேயே தீர்மானமாக இயற்றுமாறு வேண்டுகின்றோம். 1920-இல் வரி செலுத்தும் சிலர்க்கே வாக்குரிமை இருந்தது. இன்று வயது வந்த ஒவ்வொருவர்க்கும் அது உண்டு. அதனைச் சங்கத்தின் மொத்தச் சரக்காக்கி விலை பேசுதல், நாமே நம் உரிமையைக் குறைத்துக்கொள்வதாகும்.