பொன்னுருவி தாழிட்ட கதவு: கர்ண மோட்சத்தில் ஒரு குடும்ப வழக்கு

இந்த அறக்கட்டளை உரை நடப்பது பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில். ஊரைப் போற்றாமல் உரையைத் தொடங்குவது முறையல்ல. இங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு இருக்கிறது. 15 கட்டில்கள் கொண்ட ஆதுலர் சாலை எனும் மருத்துவமனை ஒன்று 11ஆம் நூற்றாண்டில் இங்கே நடந்ததை அது சொல்கிறது. அதில் வரும் மருத்துவரின் பெயர் கோதண்டராம அசுவத்தாம பட்டன். ஒரே பெயருக்குள் இராமாயணமும் பாரதமும் அடங்கியிருக்கின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பரமேசுவரவர்ம பல்லவனின் செப்பேடோ, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்குகிறது. அது 7ஆம் நூற்றாண்டு. பாரதம் இந்த வட்டாரத்துக்குப் புதியதல்ல என்பதற்கு இவ்வளவு போதும். இனி வழக்குக்கு வரலாம்.

வழக்கு

வழக்கு என்ன என்பது இந்த அவையில் பலருக்குத் தெரியும். ‘கர்ண மோட்சம்’ வட தமிழகத்தில் அதிகம் ஆடப்படும் கூத்துகளில் ஒன்று. பதினேழாம் நாள் போருக்குக் கர்ணன் புறப்படுவதும், அர்ச்சுனன் கணையால் வீழ்வதும், அந்தணனாக வந்த கண்ணனுக்குத் தன் புண்ணியம் முழுவதையும் தாரை வார்ப்பதும் கதை. போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறப் போகிறான். அவள் கதவைத் திறக்க மறுக்கிறாள். இருவருக்கும் நடக்கும் தர்க்கம் கூத்தின் முற்பகுதியில் நெடுநேரம் ஓடுகிறது.

வியாசர் கர்ணனுக்கு மனைவியர் இருந்ததைச் சொல்கிறார். பொன்னுருவி என்ற பெயர் அவரிடம் இல்லை. வில்லிபுத்தூரார் பாரதத்திலும் இந்தத் தர்க்கம் இல்லை. ஆகவே இது இடைச்செருகல், இரவை விடியலுக்கு இழுத்துச் செல்லக் கூத்தர்கள் கட்டிய கணவன் மனைவி சண்டை, நகர மேடையில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடும்போது முதலில் வெட்ட வேண்டியது இதுதான் என்பது நண்பர்கள் சிலரின் கட்சி. கருத்தரங்குகளில் இதைப் பலமுறை கேட்டாயிற்று. அந்தப் பகுதியை வெட்டினால் கர்ண மோட்சத்தில் மோட்சம் மிஞ்சும், கர்ணன் மிஞ்சமாட்டான் என்பதே இவ்வுரையின் கட்சி.

இன்னொரு சாரார் இந்தக் கூத்தைச் சாதிக் கொடுமையின் கதையாக மட்டும் படிக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் சாதி தெருவில் நின்றுவிடுவதில்லை, வீட்டுக்குள் வந்து படுக்கையறைக் கதவையும் தாழிடுகிறது. அதைக் காட்டும் இடமே பொன்னுருவி தர்க்கம். அதை ஓரத்தில் தள்ளிவிட்டுச் சாதியைப் பேசினால் பேச்சு பாதியில் நின்றுபோகும்.

கதவு

முதலில் மேடையைப் பார்க்க வேண்டும். கூத்தில் கர்ணன் கட்டை வேடம். மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கிறான். முகவீணையும் ஆர்மோனியமும் ஏற, மிருதங்கம் முழங்க, திரையைப் பிடித்தபடி கட்டியங்காரன் அவன் பெருமையைச் சொல்கிறான். திரை விலகுகிறது. மனித அளவைத் தாண்டிய உருவம் ஒன்று சுழன்று சுழன்று அடவு போடுகிறது. சூரியன் மகன், கவசகுண்டலத்தோடு பிறந்தவன், கேட்டவனுக்கு இல்லையென்னாதவன். இன்றைய பிள்ளைகள் இவனைச் சூப்பர் ஹீரோ என்றால் அதில் தவறில்லை.

பொன்னுருவி பெண் வேடம். புடவையும் நகையும்தான், கட்டை கிடையாது. அத்தனை பெரிய வேடம் ஒரு புடவைக்கு முன்னால் நின்று கெஞ்சுகிறது.

அவன் அழைக்கிறான், அவள் வரவில்லை. தூது போகிறது, பதில் வசையாக வருகிறது. அவள் கலிங்க அரசன் மகள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டதாகத் திருமண நாள் தொட்டுக் குமுறிக்கொண்டிருப்பவள். நாளை சாகப்போகிறவன் என்று தெரிந்தும் அவள் வாய் ஓயவில்லை. விருத்தத்தில் அவன் கேட்கிறான், தருவில் அவள் மறுக்கிறாள், வசனத்தில் இருவரும் மோதுகிறார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் இந்த இடத்தில் தூங்குவதில்லை. தம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கேட்ட சண்டைதான் இது.

இந்த வசை கர்ணனுக்குப் புதியதல்ல. வியாசரின் அரங்கேற்றக் காட்சியை நினைவுகூர வேண்டும். அர்ச்சுனனுக்கு எதிராகக் கர்ணன் வில்லோடு நிற்க, கிருபர் அவன் குலத்தைக் கேட்கிறார். அவன் தலை கவிழ்கிறது. துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்து அந்த வாயை அடைக்கிறான். அப்போது கோலூன்றியபடி அதிரதன் உள்ளே வருகிறான். முடிசூட்டிய நீர் காயாத தலையைக் கர்ணன் எல்லார் முன்னிலையிலும் அந்தத் தேரோட்டியின் காலில் வைக்கிறான். வீமன் எள்ளி நகையாடுகிறான். அன்று கர்ணன் தன் வளர்ப்புத் தந்தையை மறைக்கவில்லை.

சபையில் விழுந்த வசைக்கு ஒரு நாடு விடையானது. வீட்டுக்குள் விழும் வசைக்கு எந்த நாடும் விடையாகாது. அங்க நாட்டின் அரசன் என்பது பொன்னுருவிக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: நீ யார் பெற்ற பிள்ளை?

அந்தக் கேள்விக்கு விடை அவனிடம் இருக்கிறது. தூது வந்த கண்ணன் தேரில் ஏற்றிக்கொண்டு போய் அவன் பிறப்பைச் சொல்லிவிட்டான். குந்தியும் வந்து அழுதாயிற்று. வியாசரில் கர்ணன் கண்ணனிடம் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு: இந்த இரகசியத்தைத் தருமனுக்குச் சொல்லாதே. தெரிந்தால் அவன் அரசை என்னிடம் தந்துவிடுவான், நான் அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறான். ஆக, இரகசியத்தைக் காப்பதில் அவனும் பங்காளி. தாய் தன் மானத்துக்காக மறைத்ததை மகன் தன் நட்புக்காக மறைக்கிறான்.

கூத்தின் கர்ணன் அந்த இரகசியத்தை உடைக்கிறான். அதுவும் அரசவையிலோ தம்பிகளிடமோ அல்ல, தாழிட்ட கதவுக்கு முன்னால். நான் குந்தியின் மகன், சூரியனுக்குப் பிறந்தவன், பாண்டவர்க்கு மூத்தவன் என்று மனைவியிடம் சொல்கிறான். பொன்னுருவி உடைந்து அவன் காலில் விழுகிறாள். இத்தனை நாள் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறாள். இனிப் போகாதே என்று தடுக்கிறாள். நேரம் கடந்துவிட்டது.

இதை இனிய முடிவாகக் கொண்டு, தவறு உணர்ந்த மனைவி, மன்னித்த கணவன் என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். உற்றுப் பார்த்தால் இங்கே நடந்தது வேறு. பொன்னுருவி யாரை ஏற்றுக்கொண்டாள்? இவ்வளவு காலம் உடன் வாழ்ந்த, வளர்ப்புத் தாய் ராதையின் மகனை அல்ல. ஒரு நொடியில் முளைத்த குந்தியின் மகனை. அவள் பணிந்தது கணவனுக்கு அல்ல, அவன் இரத்தத்துக்கு.

அந்தப் பணிவுக்குக் கர்ணன் கொடுத்த விலை பெரிது. வியாசரில் கண்ணன் முழு உலகத்தையும் தருவதாகச் சொன்னபோது அவன் மறுத்ததற்கு முதல் காரணம் ராதைதான். அவனைக் கண்டதும் அவள் மார்பில் பால் சுரந்தது, அவன் மலமூத்திரத்தை அவள் அள்ளினாள், அவளுக்கான பிண்டத்தை எப்படி மறுப்பேன் என்று கேட்கிறான். உலகத்துக்கு விற்காத அந்தத் தாயை மனைவியின் ஒரு முகத்திருப்பத்துக்கு விட்டுக்கொடுக்க நேர்கிறது. அரங்கில் அதிரதன் காலில் விழுந்தவன், வீட்டில் தான் அதிரதன் மகன் இல்லை என்று சொல்லித்தான் உள்ளே நுழைய முடிகிறது. கவசமும் குண்டலமும் இந்திரனுக்குப் போனதைவிட இது பெரிய இழப்பு. கவசத்தை இழந்தபோது அவனுக்குக் கொடையாளி என்ற பேராவது மிஞ்சியது.

இந்த முடிச்சை வியாசரும் வில்லியும் போடவில்லை. பெயர் தெரியாத கூத்து வாத்தியார்கள் போட்டிருக்கிறார்கள். அச்சில் வந்த கர்ண மோட்ச நாடகம் புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிறது. அல்லி அரசாணி மாலை போன்ற கதைப்பாடல்களும் அவர் பெயரில்தான் வழங்குகின்றன. நளவெண்பா பாடியவர் இவற்றைப் பாடியிருக்க முடியாது என்று சொல்லி ஒதுக்குவது எளிது. யார் பாடியிருந்தாலும் பாடியவருக்குக் குடும்பம் தெரிந்திருக்கிறது.

உலகம் இந்த முடிச்சை வேறிடத்திலும் கண்டுகொண்டது. 1938இல் அமெரிக்கப் படக்கதை இதழில் சூப்பர்மேன் பிறந்தான். தொலைவிலிருந்து கலத்தில் வந்த குழந்தை. பெற்றவர் வேறு, வளர்த்தவர் வேறு. கர்ணனின் பேழை அசுவ நதியில் மிதந்து, சர்மண்வதி, யமுனை, கங்கை வழியாகச் சம்பா நகர் சேர்ந்ததைப் போன்றதே. அந்தக் கதையில் லோயிஸ் லேன் என்ற பெண் பறக்கும் வீரனை விரும்புகிறாள். அவனே கண்ணாடி போட்டுக்கொண்டு கிளார்க் என்ற பெயரில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் இளக்காரம் செய்கிறாள். பொன்னுருவியின் தர்க்கம் இடைச்செருகல் என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதனுக்கு மேற்பட்டவனைப் பற்றிக் கதை கட்டுகிறவர்கள், கட்டிய மறுகணமே அவனை ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அம்பு துளைக்காத உடம்பை எது துளைக்கும் என்று காட்ட வேறு இடம் இல்லை.

கருமாதி இரவு

இரண்டாவது சான்று நூலில் இல்லை, ஊரில் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நடக்கும்போது, வரிசையில் கர்ண மோட்சமும் வரும். அது ஊர் செலவு. ஆனால் வீட்டுச் செலவில் ஆடப்படும் கூத்தும் இதுவே. வீட்டுப் பெரியவர் இறந்தால் கருமாதியை ஒட்டிய இரவில் கர்ண மோட்சம் வைக்கிறார்கள். இறந்தவருக்கு நற்கதி கிடைக்கும் என்பது நம்பிக்கை.

மோட்சம் என்ற சொல்லுக்காக மட்டும் இதை வைக்கிறார்கள் என்ற விளக்கம் போதாது. கருமாதிக்குக் கூடுவது யார்? பங்காளிகள், சம்பந்திகள், பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பிகள். சொல்லப்படாமல் போன சொற்களோடு ஒரு வீடு அன்று நிரம்பியிருக்கிறது. அந்தப் பந்தலில், காலம் கடந்து உண்மையைச் சொன்ன ஒருவனும், காலம் கடந்து அழும் ஒருத்தியும் விடியும்வரை ஆடுகிறார்கள். கருமாதிக் கூத்திலும் பொன்னுருவியைச் சுருக்கச் சொல்வார்களா என்பதை நண்பர்கள் யோசிக்கட்டும்.

தமிழ் மரபு இரகசியத்தை உடைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. வியாசரில் போர் முடிந்து, இறந்தோருக்கு நீர்க்கடன் செய்யும் ஆற்றங்கரையில்தான் குந்தி உண்மையைச் சொல்கிறாள். வில்லியிலோ, வீழும்போது என்னை மடியில் ஏந்தி மகன் என்று எல்லாரும் அறியச் சொல்ல வேண்டும் என்று கர்ணன் முன்பே வரம் கேட்டு வாங்குகிறான். கூத்து இன்னும் முன்னே போய் மனைவியையும் அந்த வரிசையில் நிறுத்தியது.

திரையும் பிறவும்

1964இல் பி.ஆர்.பந்துலு எடுத்த ‘கர்ணன்’ படத்தில் பொன்னுருவி இல்லை. தேவிகா நடித்த சுபாங்கி அன்பான மனைவி. பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தும் வேலை அவள் தந்தைக்குப் போய்விட்டது. சிவாஜி கணேசனின் கர்ணனுக்குப் போர்க்களம் வெளியே இருக்கிறது, வீடு நிழல் தருகிறது. படம் பெரியது, இந்த ஒரு மாற்றத்தால் வலி பாதியானது. 1967இல் வந்த சிவாஜி சாவந்தின் ‘மிருத்யுஞ்ஜய’ என்ற மராத்தி நாவல், மனைவி விருசாலிக்குத் தனிக் குரல் கொடுத்தது. இலங்கையில் பேராசிரியர் சு.வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். அந்தக் கூத்து எழுந்த மட்டக்களப்பு மரபில் பொன்னுருவிக்கு எவ்வளவு இடம் என்பதைக் கர்ண மோட்சத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

செய்யவேண்டியவை

நேரம் குறைவாக இருப்பதால் தலைப்புகளாக மட்டும். கூத்து ஆய்வாளர் ஹன்னே டி புருயின் 1998இல் கர்ண மோட்ச நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தார். மலிவுப் பதிப்புகளையும் மேடை வடிவங்களையும் ஒப்பிட்ட தமிழ்ப் பதிப்பு ஒன்று வேண்டும். புரிசைத் தெருக்கூத்து மரபிலும், புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தின் மரபிலும் தர்க்கம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பெண்கள் கூத்துக் கட்டத் தொடங்கியபின், பெண்ணே பொன்னுருவியாக நின்றால் அந்த வசை எப்படி ஒலிக்கிறது என்பது தனி ஆய்வு. பெண் வேடத்தில் மூத்த கலைஞர்களின் நினைவுகளை உடனே பதிவு செய்ய வேண்டும். கருமாதிக் கூத்துகளுக்கு ஊர்வாரியான கணக்கு எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. செய்யாற்றங்கரை ஊர்களில் வாத்தியார் வீடுகளில் கையெழுத்து நோட்டுகள் பரண்மேல் கிடக்கின்றன. கரையான் அரிக்குமுன் அவற்றைப் படி எடுத்துத் தர முன்வருவோர், இக்கூட்டம் முடிந்ததும் அறக்கட்டளையாரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி வேண்டப்படுகிறது. தர்க்கப் பகுதி உள்ள ஏடுகளுக்கு முதலிடம்.