தூங்கத் தெரிந்த மொட்டு

‘குளிரைத் தாங்குற மரபணு ஒண்ணைப் பூச்செடியில வெச்சுட்டா வேலை முடிஞ்சுதே?’ன்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். முடியாதுங்க. ஏன்னு உமே மரத்தை வெச்சுச் சொல்றேன்.

ஜப்பானில் உமே, சீனாவில் மெய்ஹுவா. பீச், ஆப்ரிகாட் மரங்களுக்கு நெருங்கிய சொந்தம். குளிர்காலம் முடியிறதுக்கு முன்னாடியே, இலைகூட வராத கிளையில் பூத்துடும். சில வருஷம் பூ மேலேயே பனி விழுந்து கிடக்கும்.

மரபணு நகலெடுக்கப்படும்போது சில சமயம் ஒண்ணுக்கு ரெண்டா விழுந்துடும். அப்படிப் பெருகி, ஆளுக்குக் கொஞ்சம் வேற வேலை பார்க்கிற கூட்டம்தான் மரபணுக் குடும்பம். குளிருக்கு முக்கியமானது சிபிஎஃப் குடும்பம். அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் இதை விரிவாகப் படிச்சிருக்காங்க. குளிர் பட்டு கால்மணி நேரத்தில் முழிச்சுக்கும். ஆனா இது வெறும் சுவிட்ச். நூற்றுக்கும் மேற்பட்ட வேறு மரபணுக்களைக் கிளப்பிவிடும்; செல்லில் சர்க்கரை சேரும், சவ்வைக் காக்கிற புரதங்கள் உருவாகும்.

சுவிட்சை எப்பவும் போட்டே வெச்சா? ஆய்வகத்தில் செஞ்சு பார்த்தாங்க. செடி உறைபனியைத் தாங்குச்சு. ஆனா குள்ளமாச்சு, பூக்கவும் தாமதமாச்சு. பூவுக்காக வளர்க்கிறவருக்கு அதால என்ன லாபம்?

உமேயில் டாம்னு இன்னொரு குடும்பம் இருக்கு. ஆறு மரபணுக்கள், குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில். மொட்டைத் தூங்க வைக்கிறது இவைதான். வாரக்கணக்கில் குளிர் பட்ட பிறகு இவை அடங்கும், மொட்டு விழிக்கும். மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு பீச் வகையில் இந்த ஆறில் நாலு முழுசாவோ பாதியாவோ காணோம். குளிர் வந்தாலும் அது வளர்றதை நிறுத்தாது. குளிர் நாட்டில் நட்டா நுனிக் கிளைகள் செத்துப்போகும்.

2012-இல் உமேயின் மரபணுத் தொகுதி வெளிவந்தது. டாம் மரபணுக்களுக்கு அருகே சிபிஎஃப் வந்து ஒட்டக்கூடிய இடங்கள் இருந்தன. உமே சீக்கிரம் எழுந்துக்கிறதுக்கு இதில் பங்கு இருக்கலாம்னு அந்தக் குழு கருதியது.

பெய்ஜிங் குளிருக்கு உமே ரகம் உருவாக்குறவங்களுக்குச் சிக்கல் இங்கதான். ஜனவரியில் தூங்குற மொட்டு தாங்கிடும். பிப்ரவரியில் ரெண்டு வாரம் வெயில் அடிச்சு மொட்டு முழிச்ச பிறகு மறுபடி உறைபனி வந்தா? முழிச்ச மொட்டில் அந்தத் தாங்கும் சக்தி பெருமளவு போயிருக்கும். சீக்கிரம் பூக்கணும், ஆனா ஏமாந்து எழுந்துடக்கூடாது. ஒரு மரபணுவை வெச்சு இதைச் சரிபண்ண முடியாது, ஐயா.

அடுத்த வாரம் டியூலிப் கிழங்கு. அதுக்குக் குளிர் படலைன்னா தண்டே சரியா நீளாது.