மரத்தை வெட்டும் முன்

(வானொலியில் ஒலிபரப்பான காலைச் சிந்தனை)



வீட்டுக் கொல்லையில் ஒரு வேப்பமரம். நட்டு நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. பெரிய கிளை ஒன்று சமையலறை ஓட்டின்மேல் சாய்ந்து நிற்கிறது. வேர் செப்டிக் டேங்கின் சுவரை நெருக்குகிறது. "மழைக்கு முன்னால் வெட்டிவிடலாம்" என்கிறார் மகன். "உங்கப்பா நட்ட மரம்டா, நான் கண்ணை மூடுற வரைக்கும் விட்டு வை" என்கிறார் தாய். அடுத்த வீட்டுக்காரரோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, காத்தடிச்சா எங்க மாட்டுக்கொட்டாய் மேலதான் விழும், பார்த்துக்குங்க" என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட வீடுகள் நமக்குப் புதியவை அல்ல. "சாமி, மரத்தை வெட்டினால் பாவமா?" என்ற கேள்வியும் நமக்குப் புதியதல்ல.

திருவிவிலியம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. இணைச்சட்ட நூலின் 20-ஆம் அதிகாரத்தில் போர்க்காலத்திற்கான ஒரு கட்டளை உண்டு. ஒரு நகரை நெடுநாள் முற்றுகையிட்டாலும் அங்குள்ள கனிமரங்களைக் கோடரியால் அழிக்கக் கூடாது. உணவுக்குப் பயன்படாத மரம் என்று தெரிந்தால் மட்டும் வெட்டலாம். கையில் கோடரியோடு நிற்கும் போர்வீரனைக்கூட ஒரு கணம் நிறுத்தி, மரத்தை நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறது அந்தச் சட்டம். ஆகவே, கோடரி தடை செய்யப்படவில்லை. யோசிக்காமல் ஓங்கும் கோடரிதான் தடை செய்யப்பட்டிருக்கிறது.

லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். மூன்று ஆண்டுகளாகக் கனி தராத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். சும்மா விட்டுவைக்கும்படி அவர் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எரு போடுவதாகத் தாமே பொறுப்பேற்கிறார். அதன் பிறகும் காய்க்காவிட்டால் வெட்டிக்கொள்ளலாம் என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். நமது மனமாற்றத்திற்காக இறைவன் காட்டும் பொறுமையைச் சொல்லும் உவமை இது. ஆனால் அந்தத் தொழிலாளர் கேட்ட ஓராண்டை நம் வீட்டு மரத்திற்கும் கொடுத்துப் பார்க்கலாமே! அந்த ஓராண்டில் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

முதல் வேலை, பார்ப்பது. அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொந்து விழுந்திருந்தால் ஓசை வேறுபடும். அடியில் காளான் முளைத்திருந்தால், உள்ளே அழுகல் இருக்கக்கூடும். பல ஆண்டுகளாக ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் மரம் வேறு. நேற்று வரை நேராக நின்று இன்று சாய்ந்த மரம் வேறு. சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தரை வெடித்தோ, மண் மேலே தூக்கியோ இருந்தால், அதற்கு ஓராண்டு தவணை கொடுக்கக் கூடாது. அதன் கீழே யாரையும் படுக்கவோ, மாடு கட்டவோ விடாமல், உடனே ஆள் அழைத்து இறக்கிவிட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் டெல்டாக் கடலோரத்தைத் தாக்கிய கஜா புயலைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய ஆபத்து இல்லாத மரங்களும் நிறைய உண்டு. ஓட்டின்மேல் வரும் கிளையை மட்டும் எடுத்தால் போதுமா என்று பாருங்கள். கவாத்து செய்வதற்கும் மொட்டையடிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மொட்டையடித்த மரத்தில் கிளம்பும் புதுக்கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. நாளை காற்றில் முதலில் முறிபவை அவையே. அதேபோல வீட்டுப் பக்கத்துத் தடித்த வேரை மட்டும் வெட்டிவிட்டு மரத்தை நிற்க விடுவதும் ஆபத்தானது. பிடிமானத்தில் ஒரு பகுதியை இழந்த மரம் அது.

இரண்டாவது வேலை, கேட்பது. பட்டா நம் பெயரில் இருக்கலாம்; ஆனால் மரத்தின் நிழல் வேலியோடு நிற்பதில்லை. முதலில் வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேளுங்கள். தாயார் மருத்துவமனைக்குச் சென்ற நேரம் பார்த்து வெட்டிவிட்டு, திரும்பி வந்தவரிடம் "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்று சொல்வது அன்பு ஆகாது. அடுத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். மரம் எந்தப் பக்கம் இறங்கும், எந்த நாள் என்று முன்கூட்டியே சொன்னால், பல ஆண்டு மனத்தாங்கல்கூட அந்த ஒரு பேச்சில் கரையலாம்.

அரசையும் கேட்க வேண்டும். தெருவோரத்திலும் புறம்போக்கிலும் நிற்கும் மரம் நம் வாசலுக்கு எதிரே இருந்தாலும் நம்முடையது அல்ல. சந்தனம் போன்றவை நம் நிலத்திலேயே நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது. நம் மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. மற்ற மரங்களுக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமோ, நகராட்சியிலோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பேச முடியாதவற்றையும் கேளுங்கள். மேலே கூடு இருக்கிறதா, குஞ்சுகள் இருக்கின்றனவா, பொந்தில் தேனீ கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். குஞ்சுகள் பறக்கச் சில வாரங்களே ஆகும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில் இந்தப் பூமியை நம் எல்லாருக்கும் பொதுவான இல்லம் என்றே அழைத்தார். பொது இல்லத்தில் அந்தக் காக்கையும் குடியிருக்கிறது.

மூன்றாவது வேலையை நான் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மரத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் நாம், அதன்மேல் ஏறும் மனிதரைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறோம்? கூலியில் ஐந்நூறு ரூபாய் குறைப்பதற்காக, கயிறு இல்லாமல், துணையாள் இல்லாமல் ஒருவரை ஏற்றிவிடுகிறோம். அவருக்கும் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. மின்கம்பி அருகில் இருந்தால், மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்த பிறகே அவர் ஏற வேண்டும். ஈரமான கிளை மின்கம்பியில் பட்டால் உயிரே போய்விடும். இடுப்பில் கயிறு, கீழே கயிற்றைப் பிடிக்க ஆட்கள், மரத்தின் உயரத்தைப்போல இரு மடங்கு தூரத்திற்குள் வேறு யாரும் நிற்காமை, இவை எல்லாம் இருக்க வேண்டும். மழையும் காற்றும் உள்ள நாளில் வேலை வேண்டாம். குடித்துவிட்டு வந்தவரை அன்று ஏற்ற வேண்டாம். கூலியை முன்பே பேசி, பேசியதைக் குறைக்காமல், அன்று மாலையே கொடுத்துவிடுங்கள். கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதே இணைச்சட்ட நூலின் கட்டளைதான்.

நான்காவது வேலை, நடுவது. இதை வெட்டிய பிறகு செய்யலாம் என்று தள்ளிவைத்தால் அது நடக்காமலே போய்விடும். ஆகவே வெட்டும் முன்பே செய்யுங்கள். இந்த ஐப்பசி மழையில் கன்றை நட்டால், அடுத்த கோடையில் பழைய மரத்தை இறக்கும்போது கன்று வேர் பிடித்திருக்கும். இம்முறை இடம் பார்த்து நடுங்கள். செப்டிக் டேங்கையும் சுவரையும் விட்டுத் தள்ளி வேம்பு, மா போன்ற பெரிய மரங்கள். மின்கம்பியின் கீழ் எலுமிச்சை, கறிவேப்பிலை போன்ற சிறியவை. இடமே இல்லாதவர்கள் பள்ளி வளாகத்திலோ, கல்லறைத் தோட்டத்திலோ கேட்டு நடலாம். குழியை அந்தத் தாயாரின் கையாலேயே தொடங்கச் சொல்லுங்கள். வெட்டிய மரத்தில் சிறு துண்டையாவது ஒரு மணையாகச் செய்து அவருக்குக் கொடுங்கள். விறகில் கொஞ்சம் பக்கத்து வீட்டுக்கும் போகட்டும்.

அன்பர்களே, மரத்தை வெட்டினால் பாவமா என்ற கேள்வியை இப்போது சற்று மாற்றிக் கேட்கலாம். பார்த்தோமா? கேட்டோமா? ஏறுகிறவரின் உயிரைக் காத்தோமா? நட்டோமா? இந்த நான்குக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தவர், மரத்தை வெட்டினாலும் மன அமைதியோடு வெட்டலாம். இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லாதவர், அரிவாளைச் சற்றுக் கீழே வைப்பது நல்லது.

ஆண்டவரின் உவமையில், அந்த அத்திமரம் அடுத்த ஆண்டு காய்த்ததா என்று நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆண்டு முழுவதும் அதன் அடியில் ஒருவர் உழைக்க இருந்தார் என்பதைச் சொல்லியிருக்கிறது. நம்மிடமும் இறைவன் எதிர்பார்ப்பது அந்த உழைப்பையே. அதற்கான பொறுமையை அவர் நமக்குத் தருவாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்களையும், உங்கள் இல்லங்களையும், உங்களுக்காக உழைக்கும் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.