பதிவு 125, பரீட்சை 2,500!

நான் இன்ஜினியரிங். டிகிரி வந்ததும் வேலை தேடக் கிளம்பிட்டேன் (கிடைச்சதா என்பது வேற கதை!). சட்டம் படிச்சவங்களுக்கு அப்படியில்ல. பார் கவுன்சிலில் பதிவு செஞ்சாலும் அகில இந்திய பார் தேர்வில் பாஸ் ஆகணும்.

பதிவுக் கட்டணம் 750 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125. அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்துச்சு. ஆனா தேர்வுக் கட்டணம்? 3,500! எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 2,500. பதிவுக் கட்டணத்தைவிட இருபது மடங்கு! பெயிலானா மறுபடியும் கட்டணும்.

தேர்வே வேண்டாம்னு சொல்லல. அது செல்லும்னு 2023-ல் அரசியல் சாசன அமர்வே சொல்லிடுச்சு. நூறு கேள்வி, தமிழ்லயும் எழுதலாம். சரி. சீனியர் கொடுக்குற பஸ் காசுல கோர்ட்டுக்குப் போற முதல் தலைமுறை வக்கீல் இந்தப் பணத்துக்கு எங்க போவாங்க? இந்திய பார் கவுன்சில் கட்டணத்தைக் குறைக்கணும்.